மலை ஏறும்போது மட்டும்

வெங்கடராகவனுக்குச் சந்தேகம் என்பது காலைக் காபி மாதிரி. ஒன்று உள்ளே போகாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. மின்சாரத் துறையில் முப்பத்துநாலு வருடம், அதில் பாதிக்கு மேல் மீட்டர் திருட்டைப் பிடிக்கும் பிரிவில் இருந்தவர். முத்திரை உடையாத மீட்டரைப் பார்த்தால், “எவ்வளவு சாமர்த்தியமா ஒட்டியிருக்கான் பார்” என்பார். ஓய்வு பெற்றுத் திருச்சானூரில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு பிடிப்பதற்கு மீட்டர் இல்லை. அதனால் மனிதர்களைப் பிடிக்க ஆரம்பித்தார்.

பாகப் பத்திரத்தில் ஏதோ சூது என்று சொல்லப்போய்த் தம்பி வருவதை நிறுத்திவிட்டான். புனேயில் இருக்கும் பிள்ளை அம்மாவின் போனில் மட்டும்தான் பேசுவான். அக்கம்பக்கத்தார் அவரைக் கண்டால் செருப்பைத் தேடுகிற பாவனையில் குனிந்துகொள்வார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒருவர், தணிகைவேல். திருப்பதிக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். இப்போது சித்தூர் பக்கம் கங்காதர நெல்லூரில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். நாற்பது வருடத்தில் இந்த ஒருவர் மேல் மட்டும் வெங்கடராகவனுக்குச் சந்தேகம் வந்ததே கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. “நானும் மனுஷாளை நம்பறவன்தான், தணிகையைக் கேட்டுப் பார்” என்று மனைவி வஸுமதியிடம் அடிக்கடி சொல்வார்.

அந்தத் தணிகைவேலிடம்தான் பெட்ரோலிலும் பாட்டரியிலும் ஓடும் ஹைப்ரிட் கார் வாங்கினார். மூன்று வருடம் ஓடிய வெள்ளை செடான். தோப்பு வேலைக்குச் சரக்கு ஏற்றுகிற வண்டிதான் வேண்டும் என்று தணிகைவேல் அதை விற்க நினைத்தபோது, வெளியே விடாதே, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று இவரே போய் நின்றார். ஒப்படைத்த அன்று தணிகைவேல் ஒவ்வொரு கதவாகத் திறந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். வெங்கடராகவன் குந்தி உட்கார்ந்து நாலு டயர்களின் நம்பரையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நண்பர் மேல் சந்தேகம் இல்லை, டயர் கம்பெனிக்காரன் மேல்தான்.

முதல் வாரம் வண்டியை நம்பவே முடியவில்லை. பட்டனை அமுக்கினால் ஒரு சத்தமும் கிடையாது. கிளம்பவில்லை என்று மறுபடியும் அமுக்கி, கிளம்பியதை அணைத்துவிடுவார். தெருமுனை வரை பாட்டரியிலேயே பூனை மாதிரி போகும், பிறகு திடீரென்று என்ஜின் விழித்துக்கொள்ளும். யாரைக் கேட்டு விழித்தது என்று அதன் மேல் ஒரு கோபம். சார்ஜ் எங்கே போடுவீர்கள் என்று கேட்காத ஆளில்லை. போடவே வேண்டாம், பிரேக் பிடித்தால் அதுவே ஏற்றிக்கொள்ளும் என்று சொன்னால், சொல்கிற அவருக்கே அது மோசடி மாதிரி பட்டது. ஆனால் பெட்ரோல் பங்க்குக்குப் போவது பாதியாகக் குறைந்ததும் மனசு கொஞ்சம் இளகியது.

மாதத்தில் நாலைந்து நாள் திருமலையில் பிரபந்தம் ஓதும் கோஷ்டியில் சேர்ந்து சேவிப்பது அவர் ஓய்வுக்குப் பின் ஏற்றுக்கொண்ட கைங்கர்யம். அன்றைக்குக் குளித்து மடி உடுத்தினால் கண்ட இடத்தில் உட்கார முடியாது. கார் சீட்டில் யார் யார் உட்கார்ந்தார்களோ. கம்பளிக்குத் தீட்டில்லை என்பதால் கனத்த கம்பளி இரண்டை எடுத்து, ஒன்றை டிரைவர் சீட்டிலும், பெரியதைப் பின்சீட்டில் தரை வரை தொங்கும்படியும் விரிப்பார். பின்னால் கோஷ்டிக்காரர்கள் இருவர் உட்கார்ந்து வருவார்கள். ஸ்டீயரிங்குக்கு மட்டும் விலக்கு உண்டென்று அவரே தீர்மானித்துக்கொண்டார்.

சித்திரையில் முதல் தடவை. மலையடிவாரத்து அலிபிரியைத் தாண்டி இருபது நிமிடம் ஏறியதும், ஹைப்ரிட் சிஸ்டத்தைப் பரிசோதிக்கவும் என்று திரையில் மஞ்சள் எழுத்து வந்தது. வண்டி சோர்ந்து, என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தது. இறங்கும்போது எழுத்து இல்லை. மறுநாள் திருப்பதிக்குள் எங்கே சுற்றினாலும் இல்லை. அடுத்த கோஷ்டி நாளில் மறுபடியும் வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது.

மலை ஏறும்போது மட்டும் வருகிறது. அதாவது பாரம் இழுக்கும்போது மட்டும். அதாவது பாட்டரிக்குத் தெம்பில்லை. மூன்று வருட வண்டிக்குத் தெம்பில்லாத பாட்டரி எங்கிருந்து வரும்? இந்த இடத்தில் வெங்கடராகவனுக்குள் இருந்த பழைய மீட்டர் அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குழுவில் அவர் இருந்தார். முந்தைய ஓனர் பாட்டரியை மாற்றியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். கேட்க வேண்டியதுதான் தாமதம், ஆளாளுக்கு ஒரு கதை. நல்லதைக் கழற்றி விற்றுவிட்டுப் பழுதானதை மாட்டிக் கொடுப்பார்கள் என்றார் ஒருவர். தெரிந்தவர்கள்தான் சார் இதைச் செய்வார்கள் என்றார் இன்னொருவர். அந்த வரியை அவர் மூன்று முறை படித்தார்.

சர்வீசுக்கு விட்டார். ஷூ காலோடு ஏறுவார்களே என்று கம்பளிகளை எடுத்து வீட்டில் வைத்துவிட்டுத்தான் விட்டார். பவன்குமார் என்ற சர்வீஸ் அட்வைசர் இரண்டு நாள் கழித்துச் சாவியைக் கொடுத்தான்.

“பாட்டரி பாகுந்தி, நல்லா இருக்கு சார். நானே மலைக்குப் போய்ட்டு வந்தேன். ஏமி லேது, ஒண்ணும் வரல.”

“கம்பெனி பாட்டரிதானா? மாத்தினதா?”

“அதே பாட்டரி சார். நம்பர் கூட டேலி ஆவுது. முன்னாடி ஓனர் தணிகைவேலு அன்னாதானே? எங்க ஊரு பக்கம்தான் சார். சால மஞ்சி மனிஷி, ரொம்ப நல்லவரு.”

பாவம், நல்லது நினைத்துச் சொன்னான். வெங்கடராகவன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், “ரெண்டு பேரும் ஒரே ஊர்ப் பக்கமாம்” என்றார்.

“அதனால என்ன?” என்றாள் வஸுமதி.

“அதனால என்னவா? கூட்டுடி. அவன் மாத்தறான், இவன் மறைக்கறான்.”

“ஏன்னா, அவரைப் போயா? நம்மாத்துல எத்தனை நாள் சாப்பிட்டிருக்கார். நாக்கு கூசலையா உங்களுக்கு?”

“நம்ம வீட்டுல சாப்பிட்டவன்தான் நம்ம வீட்டு மீட்டர் எங்க இருக்குன்னு தெரிஞ்சவன்” என்றார் வெங்கடராகவன். இதற்கு என்ன அர்த்தம் என்று வஸுமதி கேட்கவில்லை.

அடுத்த கோஷ்டி நாளில் மஞ்சள் எழுத்து முன்னைவிடச் சீக்கிரம் வந்தது. மறுநாள் காலையே சித்தூர் ரோட்டைப் பிடித்தார்.

கங்காதர நெல்லூரில் தோத்தாபுரி மாங்காய் இறக்கும் சமயம். தோப்பில் பத்துப் பேர் கூடைகளோடு நின்றிருந்தார்கள். மாங்கூழ் பாக்டரியிலிருந்து காய் எடுக்க வந்த சீனு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

“என்னா ராகவா, இந்த வெயில்ல வந்துக்கினு? ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பனே” என்று தணிகைவேல் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

வெங்கடராகவன் வழியெல்லாம் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். ஆனால் அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்ததும், எவ்வளவு சாமர்த்தியம் என்று ஆத்திரம் பொங்கியது.

“நல்ல பாட்டரியக் கழட்டிட்டு செத்ததை மாட்டிக் குடுத்திருக்கே தணிகை. முப்பத்துநாலு வருஷம் இதே திருட்டைப் பிடிச்சவன்கிட்டயே உன் கைவரிசையைக் காட்டிட்டே.”

பத்துப் பேரும் கூடையைக் கீழே வைத்தார்கள். சீனுவும் தலையைத் திருப்ப, தணிகைவேல் கிட்டே வந்து கேட்டார்.

“நெசமாவே அப்டி நெனைக்கிறியா?”

“நெனைக்கலை. தெரியும்.”

“சாவி குடு” என்றார் தணிகைவேல். “உன் பணம் நாளிக்கு வந்துரும்.”

அவ்வளவுதான் பேச்சு. சித்தூர் பஸ் ஸ்டாண்ட் வரை தணிகைவேலே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். வழியில் பாதி தூரம் என்ஜின் விழிக்கவில்லை. சத்தமில்லாத அந்த வண்டிக்குள் சத்தமில்லாத இரண்டு பேர். இப்போதாவது மஞ்சள் எழுத்து வராதா, வந்தால் விரலை நீட்டிக் காட்டலாமே என்று வெங்கடராகவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. அவருக்கு ஏமாற்றமாக இருந்தது.

பணம் சொன்னபடி மறுநாளே வந்தது. “பார்த்தியா? தப்புப் பண்ணாதவன்னா ஒரு சண்டையாவது போட்டிருக்க மாட்டானா?” என்று வஸுமதியிடம் கேட்டார். அவள் துணி உலர்த்தப் போய்விட்டாள். அடுத்த பத்து நாளும் வெற்றி வீரர் நடையோடுதான் தெருவில் போய்வந்தார். கோஷ்டிக்கு பஸ்ஸில் போனார்.

காரில்லாவிட்டாலும் வாட்ஸப் குழுவிலிருந்து அவர் விலகவில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தபோது, விஷ்ணுப்ரியா என்ற திருப்பதி பல் டாக்டர் ஒரு படம் போட்டிருந்தார். கீழே எழுதியிருந்தது இது: “அம்மாவுக்கு முதுகு வலி என்று பின்சீட்டில் மெத்தை விரித்து மலைக்குக் கூட்டிப்போனேன். பாதியில் மஞ்சள் எழுத்து வந்துவிட்டது. பின்சீட்டுக்கு அடியில் ஓரமாக ஒரு சின்ன வலை ஜன்னல் இருக்கிறது, பாட்டரிக்குக் காற்று போகிற வழி அதுதான். மெத்தை அதை மூடிவிட்டது. எடுத்ததும் சரியாகிவிட்டது. தயவுசெய்து யாரும் அங்கே எதையும் விரிக்காதீர்கள்.”

வெங்கடராகவன் எழுந்து உட்கார்ந்தார். பால்கனிக் கொடியில் பெரிய கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. கோஷ்டி நாளில் மட்டும் விரித்த கம்பளி. சர்வீசுக்கு விட்டபோது விரிக்காத கம்பளி. இதைக் கண்டுபிடிக்க மீட்டர் அதிகாரி தேவையில்லை, கண் இருந்தால் போதும். செல்போனை வஸுமதியிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“நீயும் வாயேன்” என்றார்.

“எதுக்கு? அன்னிக்கு என்னை அழைச்சிண்டா போனேள்? நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்கோ.”

மறுநாள் இரண்டு பஸ் மாறி கங்காதர நெல்லூர் போனார். வெள்ளைக் கார் தணிகைவேலின் வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றது. அவர் மனைவி தனபாக்கியம், “தோட்டத்துல இருக்கறாரு” என்றாள், உட்காருங்கள் என்று சொல்லவில்லை. தோப்பு ஓரத்தில் தணிகைவேலைக் கண்டு, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினார். கம்பளி, வலை ஜன்னல், மலை, எதையும் மறைக்கவில்லை.

“கம்பளியா?” தணிகைவேலுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “அந்த வலைய மூடாதன்னு அன்னிக்கே சொன்னனே ராகவா. நீ டயரப் போட்டோ புடிச்சிக்கினு இருந்த.”

“புத்தியில்லைடா எனக்கு. மன்னிச்சுடு.”

“உடு. என்னாத்துக்கு அதெல்லாம். வண்டி வேணும்னா எடுத்துக்கினு போ. நான் யாருக்கும் குடுக்கல.”

வெங்கடராகவனுக்கு மூச்சு திரும்பியது. இவ்வளவுதானா, இதற்கா இரவெல்லாம் தூங்காமல் புரண்டோம் என்று நினைத்தார். ஆனால் தணிகைவேலின் கண் இவர் மேல் இல்லை. மரத்தடியில் சீனுவும் கூடைக்காரர்களும் இருந்த எடை மெஷின் பக்கம் போய்ப் போய் வந்தது.

“என்னடா பார்க்கறே?”

“ஒண்ணுமில்ல.” பிறகு எடை மெஷினைக் காட்டிச் சொன்னார். “பதினெட்டு வருசமா இந்த பாக்டரிக்குக் காய் போட்றேன். கூடைய வெச்சி எடைய நான்தான் கூவுவேன். சீனு இருக்கிற எடத்துல இருந்தே எழுதிக்குவான், ஒருநாளும் எழுந்து வந்து பாத்ததில்ல. நீ வந்துட்டுப் போனல்ல, அதுக்கு மறுநாள்ல இருந்து எழுந்து வந்து பாக்கறான். வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல. வந்து பாக்கறான், அவ்ளோதான்.”

அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது வெங்கடராகவனுக்கு. நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். தணிகைவேல் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்ததையும் உதறிவிட்டு மரத்தடிக்குப் போனார்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்கோ” என்றார். “அன்னிக்கு இவரைத் திருடன்னு சொன்னது நான்தான். வண்டியில ஒரு பழுதும் இல்லை. தப்பு என்னோடது. நான்தான் கம்பளியைப் போட்டு மூடி வெச்சிருந்தேன். இவர் சொல்லு சுத்தம். நாற்பது வருஷமா எனக்குத் தெரியும்.”

கூடை தூக்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சீனு மரியாதையாக எழுந்து நின்றான்.

“அய்யோ, மீரு பெத்தவாளு, பெரியவங்க நீங்க போய் இப்படிச் சொல்லணுமா சாமி? தணிகைவேலு அன்னா எப்படின்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க அதெல்லாம் மனசுல வெச்சிக்கல” என்று சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான்.

வெங்கடராகவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தணிகைவேல் வந்து அடுத்த கூடையைத் தூக்கி மெஷினில் வைத்தார்.

“நாப்பத்தியாறு” என்று கூவினார்.

சீனு நாற்காலியை விட்டு எழுந்து வந்து, குனிந்து, எண்ணைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான்.