நூறு ரூபாய்த் தண்ணீர்

சித்தூர் வெல்ல மண்டியில் நாகபூஷணம் செட்டியார் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அதனால்தான், குடிநீர்த் திட்டத்துக்குக் கடன் கொடுக்கும் வெளிநாட்டு வங்கிக்காரர்கள் விசாரிக்க வருகிறார்கள் என்றதும் புத்தலப்பட்டுப் பக்கத்து ஜனங்கள் அவரிடம் யோசனை கேட்டார்கள்.

“கடன் குடுக்கறவன் முன்னாடி பஞ்சப்பாட்டு பாடாதீங்க. வீட்டுக்கே தண்ணி வந்தா மாசம் எவ்ளோ குடுப்பீங்கன்னு கேப்பான். நூறுன்னு தைரியமா சொல்லுங்க. அப்பறம் கொறச்சிக்கலாம்.”

மண்டியில் அப்படித்தான். முதலில் சொல்லும் விலை வெறும் வணக்கம்.

ஊரே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நூறு என்றது.

வங்கிக்குப் பேரம் தெரியவில்லை. அல்லது எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது. அடுத்த வருஷம் வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. பின்னாலேயே மாதம் நூறு ரூபாய் வசூலிக்கத் தனியார் கம்பெனி வந்தது. ஓசித் தண்ணீர் கூடாது என்பது கடனோடு வந்த நிபந்தனை; அதனால் தெருக்குழாய்களைப் பிடுங்கிவிட்டார்கள்.

கரும்பு வெட்டும் கமலம்மாவும், அவள் தெருக்காரர்கள் எல்லாரையும்போல, மூன்று மாதம் கட்டவில்லை. அவள் குழாயையும் அடைத்தார்கள். நேராக மண்டிக்கு வந்தாள்.

“நீங்க சொன்னதத்தான செட்டியாரே சொன்னேன்? இப்ப கண்டவன் நெலத்து மோட்டாராண்ட கொடத்த வச்சிக்கினு கெஞ்சிக்கினு கீறேன்.”

மறுநாள் செட்டியார் அவளை அழைத்துக்கொண்டு திருப்பதியில் இருந்த திட்ட அலுவலகத்துக்குப் போனார்.

அதிகாரி ஆதிநாராயணன் முழுவதும் கேட்டார். “ஜனங்க சொன்னதே பொய்ன்னா கட்டணத்த மறுபடி பாக்கணும் சார். தெருக்குழாய்கூடத் திரும்பி வரலாம். நான்தான் சொல்லிக்குடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பேப்பர்ல வரும், பரவால்லியா?”

செட்டியார் பேனாவை வாங்கினார். நாளைக் காலை மண்டியில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது இப்போதே காதில் விழுந்தது.

“போடுங்க செட்டியாரே,” என்றாள் கமலம்மா.

அவர் பேனாவை வைத்துவிட்டு மடியிலிருந்து பணத்தை எடுத்தார். “இவ பாக்கிய நான் கட்டிடறேன். இனிமே மாசாமாசம் நானே.”

அதிகாரி முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா, கேக்கற விதத்துல கேட்டா கட்டிடறாங்க. வங்கிக்காரங்களும் இதத்தான் சொல்றாங்க.”

வெளியே வந்ததும் கமலம்மா நின்றுவிட்டாள். “என் வீட்ல மட்டும் தண்ணி வந்தா தெருவுல எப்பிடி மூஞ்சிய காட்டுவேன்?”

“யாரானா கேட்டா,” என்றார் செட்டியார், அவளைப் பார்க்காமல், “மெட்ராஸ்ல கீற ஒன் மருமவன் பணம் அனுப்பினான்னு சொல்லு.”