துணைக்கு ஒருவர் மட்டும்

பெரியவனுக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. தங்கை புருஷனைப் பார்த்தாலே எரிந்தது.

வீட்டுச் சாமான் மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவன் சுமை தூக்குபவன். பீரோவை முதுகில் கட்டி மூன்று மாடி இறக்கியவன். தங்கைக்கு எட்டு வயதில் கால்கள் ஓய்ந்துபோனதிலிருந்து அவளைத் தூக்கியதும் அவன்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து வண்டிக்கு, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று இருபது வருடம். ஆறு மாதத்துக்கு முன் அவள் கல்யாணமாகிப் போன பிறகும் ஞாயிறு தவறாமல் போய், அவளை வண்டியில் தூக்கி உட்காரவைத்து எங்காவது அழைத்துப் போவான். இன்று காலையிலும் அவன்தான் தூக்கினான். மாப்பிள்ளை கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அதைப் பார்க்கக் கண் குளிர்ந்தது.

மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு.

கேளிக்கைப் பூங்காவில் முதல் சவாரி, உயரத்திலிருந்து தண்ணீரில் விழும் படகு. வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு வாசலில் தரும், சவாரி நேரம் எழுதிய அட்டையைக் காட்டியதும் அவர்களைப் பக்கவாட்டு வழியில் விட்டார்கள். தங்கை பேட்டரி நாற்காலியின் குமிழை ஒற்றை விரலால் அசைத்து முன்னால் போனாள். ஏறும் மேடையின் கதவருகே நின்ற ஊழியப் பெண் தடுத்தாள்.

“துணைக்கு ஒருத்தர் மட்டும்தான் உள்ள வரலாம். எங்க ஆளுங்க தூக்கிவிட மாட்டாங்க. இறங்குறது அந்தப் பக்கம், அதனால இன்னொருத்தர் சேரை அங்க கொண்டு வந்துடுங்க.”

பெரியவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

“அண்ணே, நீ சேரைக் கொண்டு வந்துடு. அவரு வரட்டும்” என்றாள் தங்கை.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இருவரும் சிரிப்பது கேட்டது. நேற்று முளைத்தவனுக்கு வந்த வாழ்வு! கொஞ்ச நேரத்தில் ஊழியப் பெண் வெறும் நாற்காலியை வெளியே ஓட்டி வந்து அவனிடம் ஒப்படைத்தாள். பீரோ தள்ளிய கைக்குக் குமிழை எவ்வளவு மெதுவாகத் தொட வேண்டும் என்று தெரியவில்லை. நாற்காலி பாய்ந்து போய்க் குப்பைத்தொட்டியில் இடித்து நின்றது. “நீயும் அவர் கட்சியா?” என்று அதைத் திட்டினான்.

இறங்கும் பக்கமும் அவனைக் கதவுக்கு வெளியேதான் நிறுத்தினார்கள். நாற்காலி மட்டும் உள்ளே போயிற்று. திரும்பி வந்தபோது அதில் சொட்டச் சொட்ட நனைந்த தங்கை, வாயெல்லாம் பல்லாக.

“முதுகு பிடிச்சுக்கிச்சா மாப்ள?” என்று ஆசையோடு கேட்டான்.

“இல்லையே மச்சான்.”

அந்த ‘இல்லையே’ நெஞ்சில் தைத்தது. பெண்ணைத் தூக்கியவன் மாதிரியா பேசுகிறார்? பஞ்சுமூட்டையைத் தூக்கியவன் மாதிரி அல்லவா!

“அடுத்ததுக்கு நான்தான் வருவேன்” என்றான் பெரியவன். முப்பத்தைந்து வயது ஆள் பேசுகிற குரலாக அது இல்லை.

தங்கை புருஷனைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். “சரி வா. ஆனா உள்ள நான் சொல்றதைத்தான் கேக்கணும்” என்றாள்.

அடுத்தது சுழலும் கிண்ணம். நாற்காலியை இருக்கையோடு ஒட்டி நிறுத்தினாள். அவன் குனிந்து கைகளை நீட்டினான்.

“கையை எடு அண்ணே.”

பக்கப் பையிலிருந்து ஒரு வழவழப்பான பலகையை உருவினாள். ஒரு முனையைத் தன் தொடைக்கு அடியில் செருகி, மறுமுனையைக் கிண்ணத்தின் இருக்கைமேல் வைத்தாள். “அந்த முனையை அழுத்திப் பிடி. என்னைத் தொடாதே.” இரண்டு கைகளையும் ஊன்றினாள். மூன்றே தள்ளல். அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள்.

நாற்காலியை ஊழியர் ஓட்டிப் போனதும் பலகையோடு அவளருகில் உட்கார்ந்தான்.

“மாப்ள தூக்கலையா?”

“அவரும் பலகையைத்தான் பிடிச்சாரு.”

“எப்பக் கத்துக்கிட்ட?”

“கல்யாணத்துக்கு அப்புறம். நாலு தடவை விழுந்தேன்.”

“அப்போ காலையில நான் எதுக்குத் தூக்கினேன்?”

அவள் பாதுகாப்புக் கம்பியை இழுத்துப் பூட்டினாள். “தூக்க வேண்டாம்னு தெரிஞ்சா, நீ ஞாயித்துக்கிழமை வர்றதை நிறுத்திடுவியோன்னு பயந்தேன்.”

கிண்ணம் சுழன்றது. சுற்றிலும் எல்லோரும் கத்தினார்கள். அவன் பலகையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபது வருடத்தில் ஒருமுறைகூட அவளை விழவிட்டதில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசியவன் அவன். அவள் நான்கு முறை விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்க்க மாப்பிள்ளைக்கு மனத்திடம் இருந்திருக்கிறது. அதை நினைக்க வயிறு இன்னும் கூடுதலாக எரிந்தது.

சாயங்காலம் வண்டிக் கதவருகே நாற்காலியை நிறுத்திவிட்டு, அவள் இரண்டு கைகளையும் அவன் கழுத்தை நோக்கி நீட்டினாள். “தூக்கு அண்ணே, அசதியா இருக்கு.”

அசதி இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. தானாக நீண்ட கைகளை மடக்கிக்கொண்டான். “பலகையை எடு” என்றான்.

அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு பலகையை எடுத்தாள். மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் வந்து மறுமுனையைப் பிடித்தார். பெரியவனுக்குப் பொறுக்கவில்லை.

“அப்படியா பிடிக்கிறது? தள்ளுங்க மாப்ள.”

அவர் சிரித்துக்கொண்டே விலகினார். அவன் மண்டியிட்டு, பீரோவைத் தாங்குகிறவன் போல இரண்டு கையாலும் பிடித்தான். அவள் நகர்ந்து வண்டிக்குள் போய்ச் சேர்ந்தாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை வருவே இல்ல?”

“நான் வராம பலகையை யாரு பிடிப்பா?” என்று மாப்பிள்ளையை முறைத்தான்.