மரத்துப்போன காலும் இரண்டு மாத்திரைகளும்

1

இந்தக் கதை ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் கிடைத்தது. மனைவிக்கு முழங்கால் மூட்டு மாற்றியிருந்த ஒரு மனிதர், மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டார்: "அந்த மரத்துப்போற ஊசியோட வேகம் எப்ப டாக்டர் இறங்கும்? கொஞ்சம் சீக்கிரமா இறங்காதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலி தெரியாமல் இருக்கத்தானே தொடை நரம்பருகே அந்த ஊசியைப் போடுகிறார்கள்? பெண்டாட்டிக்குச் சீக்கிரம் வலிக்கவேண்டும் என்று அவசரப்படுகிறவன் என்ன மனிதன்? அதற்குள் என் மாடி வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். பதிலை நானே எழுதவேண்டியதாயிற்று.

2

முதலில் அவரை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஆக்கினேன். (எதிரில் இருப்பவளைப் பார்க்கத் தெரியாதவருக்குக் கண்ணாடிக் கடை! எனக்கே சிரிப்பு வந்தது. அடித்துவிட்டேன்.) பேட்டரிக் கடைக்காரர் என்று இருக்கட்டும். மனைவி, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். பல வருஷமாக மூட்டுவலி. அவள் சிடுசிடுத்தபோதெல்லாம் அவர் பிள்ளைகளிடம், "அம்மா பேசலடா, அவ முட்டி பேசுது" என்பார். வீடே சிரிக்கும். அவளும் சிரித்து...

இல்லை, அவள் சிரித்ததாக எழுத மனம் வரவில்லை.

ஆபரேஷன் முடிந்த சாயங்காலம், முழங்கால் கட்டின்மேல் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். "ஏங்க, துளிகூட வலிக்கல." முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அதே குரலில், "டிஸ்சார்ஜ் ஆனதும் அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன். உங்ககூட இருந்தது போதும்" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

"ஊசி மயக்கத்துல பேசற."

"ஊசி காலுக்குத்தாங்க போட்டாங்க."

3

அடுத்து அவரை அழவைத்து... வேண்டாம், அழுதால் நமக்குப் பிடித்துப்போய்விடும். அவர் ஓடிப்போய் லிஃப்ட்டில் டாக்டரைப் பிடித்தார். நான் இறங்கிய பிறகு டாக்டர் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்: "காலைல இறங்கிடும். அதுக்கு முன்னாடியே மாத்திரை உள்ள போயிடணும். இல்லேன்னா வலி ஒரேயடியா ஏறும், தாங்கமாட்டாங்க."

4

காலையில் நர்ஸ் இரண்டு மாத்திரைகளை அவர் கையில் கொடுத்து, "டிபன் முடிச்சதும் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினாள்.

அவர் விரல்கள் மடங்கின.

(சத்தியமாக இதை நான் திட்டமிடவில்லை. அதிர்ந்துபோய் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

வலி வந்தால் அவள் பழையபடி கத்துவாள். கத்தினால் அது முட்டி. முட்டி சொன்னதை யார் கணக்கில் எடுக்கப் போகிறார்கள்?

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, "மாத்திரை ஏதாவது குடுத்தாங்களா?" என்றாள்.

அவர்

5

கொடுத்ததாக எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டதாக எழுதினேன், கை கூசியது. அவர் விரல்கள் இன்னும் மூடித்தான் இருக்கின்றன. வாசகரே, நீங்கள் சொல்வதுதான் முடிவு. ஆனால் யோசித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அவள் முகம் வலியில் சுளிக்க ஆரம்பித்துவிட்டது.