பன்னிரண்டு விநாடி

பனவடலிசத்திரத்தில் முத்துமணியின் கிணற்றுக்குள்ளிருந்து சித்தீக் தலையைத் தூக்கியபோது மேலே ஏழெட்டுப் பேர் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கயிறு அறுந்து மோட்டார் உள்ளே விழுந்து மூன்று நாளாகியிருந்தது. மூச்சைப் பிடித்து இருபதடித் தண்ணீருக்குள் இறங்கி, சேற்றைத் துழாவி, அதற்குக் கொக்கி மாட்டிவிட்டு வருகிறவனைப் பார்க்க இவ்வளவு கூட்டமா? வழக்கமாக ஒரு காக்கை குருவிகூட எட்டிப் பார்க்காது.

"பாய், சுறா மூஞ்சியவே புடிச்ச ஆளு, எங்க கெணத்துக்குள்ள கெடக்கீரு! ஒரு வார்த்த சொன்னீரா? எம்மா, என்ன தண்டி மீனு அது!" என்றார் முத்துமணி.

படியேறி வந்தவனிடம் போனைக் காட்டினார். பன்னிரண்டு விநாடிதான். நீலத் தண்ணீருக்குள் எட்டு வருஷத்துக்கு முந்தைய சித்தீக் மண்டியிட்டிருக்கிறான். படகு நீளத்துக்கு ஒரு புலிச்சுறா அவனை நோக்கி வருகிறது. இரண்டு கையாலும் அதன் மூக்கைப் பிடித்து நிறுத்துகிறான். மேலே "எங்க வாப்பாடா!" என்று எழுதியிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் நஸ்ரின் பானுவின் வேலை. அவனுடைய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்து எடுத்துப் போட்டிருக்கிறாள். ஆறு லட்சம் பேர் பார்த்தாயிற்று. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட சித்தீக் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டைத் தேடினான்.

துவட்டிக்கொண்டு தன் போனை எடுத்தால், ஷாஜித்திடமிருந்து ஐந்து அழைப்பு. மாலத்தீவில் இவன் டைவிங் வழிகாட்டியாக இருந்தபோது கூட்டிப்போய் வேலை பழக்கிய கடையநல்லூர்ப் பையன். இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

"அண்ணே, அந்த வீடியோவ எடுக்கச் சொல்லுங்கண்ணே. வாரவன் பூரா அதக் காட்டி, இதே மாதிரி எனக்கும் ஒண்ணு எடுத்துத் தாங்கான். நேத்து ஒருத்தன் சுறாகிட்டக் கைய நீட்டிட்டான். நான்தான் அவனப் புடிச்சி இழுத்தேன். மறுபடியும் மொதல்லேருந்தா அண்ணே?"

"எடுக்கச் சொல்லுதேன்" என்றான் சித்தீக். சொல்லிவிட்டானே தவிர, மகளிடம் என்னவென்று சொல்வது? சங்கரன்கோவிலை நோக்கி வண்டியை மெதுவாகவே விட்டான். டைவிங் கம்பெனிக்காரன் கேஸ் போடுவான் என்று சொல்லலாம். நல்ல பொய். பிள்ளை கேள்வி கேட்காமல் எடுத்துவிடும், வாப்பாவின் மவுசும் குறையாது.

என்ன மாதிரி நாட்கள் அவை! ஊரில் பாதிப் பேர் துபாய்க்கும் சவூதிக்கும் போக, இவன் ஒரு சின்னத் தீவுக்குச் சமையலறை எடுபிடியாகப் போனான். கிணற்றில் குதித்து வளர்ந்த மூச்சு அவனைச் சமையலறையில் இருக்கவிடவில்லை. இரண்டே வருஷத்தில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகிற ஆளாகிவிட்டான். அங்கேதான் மாமியைப் பார்த்தான். பதிமூன்றடிப் பெண் சுறா, முதுகுத் துடுப்பில் ஒரு வெட்டு. சொல்லிக்கொள்ளாமல் வருவாள். ஒரு சுற்று சுற்றி எல்லாரையும் ஏற இறங்கப் பார்ப்பாள். படகில் வாய் கிழியப் பேசியவனெல்லாம் அவளைக் கண்டதும் கப்சிப். நிக்காஹ் முடிந்த புதிதில் மாமியார் வீட்டில் அவன் இருந்த இருப்பும் அதுதான், அதனால் அந்தப் பெயரை வைத்தான். மனைவி ரிஸானாவிடம் இன்றுவரை இதைச் சொன்னதில்லை, சொன்னால் சோறு கிடைக்காது.

கடல் அவளுடைய வீடு, நாம் விருந்தாளி, கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று படகில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒன்பது வருஷம் பாடம் எடுத்தான். பிறகு ஒருவன் வந்தான். இணையத்தில் அவனைப் பின்தொடர லட்சக்கணக்கான ஆட்கள். சுறாவைத் தொடுகிற மாதிரி ஒரே ஒரு காட்சி வேண்டும் என்றான். மூன்று நாள் மாட்டேன் என்று சொன்ன சித்தீக் நான்காம் நாள் மாமியைத் தொட்டுவிட்டான். வாப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று ஆறு வயது நஸ்ரின் ஒருநாள் பார்ப்பாளே என்றுதான் தொட்டான்.

அவன் அதை இணையத்தில் போட்டதும் தீவே மாறிப்போயிற்று. வந்தவர்களெல்லாம் தொட வேண்டும் என்றார்கள். மற்றப் படகுக்காரர்கள் மீன் தலையைக் கையில் வைத்து ஊட்டினார்கள். கை என்றால் தீனி என்று மாமி படித்துக்கொண்டாள். ஒருநாள் ஒரு பெண்ணின் இரண்டு விரல் போனது. தலையில் தூக்கிவைத்து ஆடிய அதே இணையம் கொலைகாரச் சுறா என்று எழுதியது. அதன்பின் மாமி வரவில்லை. செத்தாளா, தூண்டிலில் மாட்டினாளா, இடம் மாறிப் போனாளா, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். ஒரு வருஷம் தினமும் காலையில் இறங்கிப் பார்த்துவிட்டு சித்தீக் ஊர் திரும்பினான். அந்த வீடியோவை அழிக்க மட்டும் மனசு வரவில்லை. அவனிடம் அவள் இருப்பது அது ஒன்றில்தான்.

வீட்டு வாசலிலேயே நஸ்ரின் பிடித்துக்கொண்டாள்.

"வாப்பா, ஆறு லட்சம்! எங்க டீச்சர் உங்கள ஸ்கூலுக்கே கூட்டியாரச் சொல்லுதாங்க. எதுக்கு இத ஒளிச்சு வச்சீங்க?"

இவ்வளவு பெருமையாக அவள் அவனைப் பார்த்ததே இல்லை. கிணற்றில் இறங்கி அழுக்குத் துணியோடு வருகிற வாப்பாவுக்கு இன்றைக்குத்தான் இந்த முகம் கிடைத்திருக்கிறது. பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"அத எடுத்துரு மக்கா."

"ஏன் வாப்பா?"

கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். விரல் போன பெண்ணைச் சொன்னான், ஷாஜித் இழுத்த ஆளைச் சொன்னான். நஸ்ரின் தலையை ஆட்டி மறுத்தாள்.

"நீங்க பாசமாத்தான தொட்டீங்க? அதுவும் சொகமாக் கண்ண மூடுது. பாருங்க!"

போனை நீட்டினாள். அவன் கை மூக்கில் படும்போது கீழிருந்து ஒரு வெள்ளை இமை எழும்பி, அந்தப் பெரிய கருப்புக் கண்ணை மூடியது.

"அது சொகம் இல்லட்டி. கண்ணுல அடி விழப் போவுதுன்னா அப்படித்தான் மூடும்."

"அடியா? அங்கன நீங்க மட்டுந்தான இருக்கீங்க?"

"ஆமா. எனக்குப் பயந்துதான்."

அவள் அந்த இடத்தையே மூன்று நான்கு தடவை ஓட்டிப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்க்க சித்தீக்குக்குத் தைரியம் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துட்டேன்" என்றாள் கடைசியில். "ஆனா எத்தனையோ பேரு எடுத்து வச்சிருப்பாங்க வாப்பா."

"தெரியும்."

"அது கண்ணத் தொறந்துக்கிட்டுப் போற வீடியோ ஒண்ணுகூடவா இல்ல?"

"ஆயிரம் தடவ போயிருக்கா. சும்மா போறத எவன் எடுத்தான்?"

அவளுக்குக் கோபம் தணியவில்லை, மூச்சிலேயே தெரிந்தது. ஆனாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. எப்படி வரும்?"

"மொதல்ல ஒண்ணும் தெரியாது. பூரா நீலம். அந்த நீலத்துல ஒரு எடம் மட்டும் கொஞ்சம் இருட்டும். வாராளா, தண்ணிதானான்னு சந்தேகமா இருக்கும். அதுக்குள்ள மூக்கு தெரிஞ்சிரும். அவசரமே கெடையாது அவளுக்கு. கண்ணு நம்மளப் பாத்துக்கிட்டே வரும். நாம அசையக் கூடாது. வந்து, வந்து..." சித்தீக் தனக்கும் மகளுக்கும் நடுவே இருந்த சாண் அகல இடத்தைக் காட்டினான். "இந்தா, இங்கன கூடிப் போவா."

நஸ்ரின் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டாள்.