கிழிக்காத சீட்டு

சங்கரன்கோவிலில் ஒரு பெண்ணின் நல்ல பெயர் ஐயாயிரம் ரூபாய். முகத்தைச் சுளித்தால் நாலாயிரம். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தால் மூவாயிரத்து ஐந்நூறுக்குப் படியும். அதற்குக் கீழே கட்டுப்படியாகாது என்று சுடலைமணி சத்தியம் செய்வான். சத்தியத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

சுடலைமணி 'ரதவீதி மின்னல்' என்ற யூடியூப் சேனலின் நிறுவனர், ஆசிரியர், ஒளிப்பதிவாளர், செய்தி வாசிப்பவர், வசூல்காரர். கடைசி வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்வான். முன்பு பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கவர் விற்றான். போலியை அசல் என்று கண்ணைப் பார்த்துச் சொல்லும் பயிற்சி அங்கே கிடைத்தது. பைக்கின் முன்னால், பின்னால், ஹெல்மெட்டில் என மூன்று இடத்தில் 'பிரஸ்' ஒட்டியிருந்தான். ஹெல்மெட்டைத் தலையில் போடமாட்டான். போட்டால் நிருபர் முகம் ஊருக்குத் தெரியாது.

அவனிடம் பிறந்தநாள் வாழ்த்து முந்நூறு. கண்ணீர் அஞ்சலி ஐந்நூறு, சோக மேளம் சேர்த்தால் எழுநூறு. ஓட்டல் சமையல்கட்டில் கரப்பான் பூச்சி ஓடுகிறது என்று சொல்லாமல் இருக்க மாதம் ஆயிரம். இதற்கு விளம்பரம் என்று ரசீது கொடுப்பான். போட்ட வீடியோவை எடுக்க வேண்டுமென்றால் 'நீக்கக் கட்டணம்' ஐயாயிரம். அழுக்காக்குவதும் அவனே, வெளுப்பதும் அவனே. சலவைக்காரருக்குக்கூட இப்படி ஒரு வசதி வாய்த்ததில்லை.

எங்கள் ஊரில் கோமதி என்பது பெயரல்ல, ஜனத்தொகை. அம்மன் பெயர் கோமதி என்பதால் பெண் பிறந்தால் பாதி வீட்டில் யோசிப்பதே கிடையாது. ரேஷன் கடையில் "கோமதி" என்று கூப்பிட்டால் வரிசையே திரும்பிப் பார்க்கும். ஆகவே இட்லி கோமதி, டெய்லர் கோமதி, நர்ஸ் கோமதி என்று தொழிலை முன்னால் ஒட்டிக்கொள்வோம். பூ மார்க்கெட்டில் பெருமாள்சாமியின் கமிஷன் கடையில் எடைச்சீட்டு எழுதும் கோமதியம்மாள், சீட்டு கோமதி.

பூ கொண்டுவருகிறவர்களுக்கு அந்தச் சீட்டுதான் காசு. தராசுக்காரன் எடையைக் கூவுவான், கோமதியம்மாள் எழுதிக் கொடுப்பாள், வாரக் கடைசியில் சீட்டை நீட்டிப் பணம் வாங்கிக்கொள்வார்கள். இதில் ஒரு வழக்கம் உண்டு. தப்பாக எழுதிய சீட்டைக் கிழிக்கக் கூடாது. தப்பின் குறுக்கே கோடு போட்டு, சரியானதைக் கீழே எழுதி, கையெழுத்திட்டு, முதலில் கூவிய அதே சத்தத்தில் கூவ வேண்டும்: "அடிச்சு எழுதியிருக்கு! பதினொண்ணு இல்ல, பன்னெண்டு!" மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும். கிழித்த சீட்டில் என்ன இருந்தது என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். அடித்த சீட்டில் அந்தச் சண்டைக்கு இடமில்லை.

போன ஆவணியில் ஊரின் வடக்குக் கடைசியில் ஏலச்சீட்டு நடத்திய வேறொரு கோமதி, நாற்பது குடும்பத்தின் பணத்தோடு ஊரைவிட்டே போய்விட்டாள். சுடலைமணி உடனே புலனாய்வில் இறங்கினான். டீக்கடைக்குப் போனான்.

"அண்ணாச்சி, இந்தச் சீட்டு கோமதி எங்கன இருக்கா?"

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தாமல், "பூ மார்க்கெட்ல" என்றார்.

புலனாய்வு முடிந்தது. ஊரைவிட்டு ஓடியவள் எதற்காக மார்க்கெட்டில் உட்கார்ந்து பிச்சிப்பூ எடை எழுதுகிறாள் என்ற சந்தேகம் தராசுத் தட்டுக்குக்கூட வந்திருக்கும், சுடலைமணிக்கு வரவில்லை. எதிர்க்கடைத் தூணுக்குப் பின்னால் நின்று அவளைப் படம் பிடித்தான். பக்கத்தில் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது: 'நாற்பது குடும்பங்களின் வயிற்றில் அடித்த சீட்டு கோமதி! மார்க்கெட்டில் ஒய்யார வாழ்க்கை!' அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் வேறு யாருமில்லை. இருந்தாலும் ஒரு அம்புக்குறி.

மறுநாள் காலையில் பனவடலிசத்திரத்து முருகம்மாள் மல்லிகை மூட்டையைத் தராசில் வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பத்து வருஷமாக அதே தராசில் வைத்தவள்.

"ஏன் ஆத்தா, இறக்கு" என்றாள் கோமதியம்மாள்.

"இறக்குவேன். சீட்டை வேற ஆளு எழுதட்டும்."

"எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. உனக்கு என்னைக்காவது குறைச்சு எழுதியிருக்கேனா?"

"அதெல்லாம் இல்ல தாயி. ஆனா போன்ல போட்டிருக்கானே."

பத்து வருஷம் கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், மூன்று நிமிஷம் போனில் பார்த்தது ஒரு பக்கம். போன் பக்கம்தான் தட்டு தாழ்ந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற குருவிகுளத்து ஆட்களும் மூட்டையை இறக்கவில்லை. பெருமாள்சாமி வியாபாரி; அவருக்கு உண்மை பெரிசா, மூட்டை பெரிசா என்று கேட்டால் எந்த மூட்டை என்றுதான் கேட்பார்.

"கோமதி, கொஞ்ச நாளு வீட்ல இரி. சூடு ஆறட்டும்."

"நான் என்ன அண்ணாச்சி, பாலா? சூடு ஆற?"

பெருமாள்சாமி அவள் இடத்தில் தன் மைத்துனன் இசக்கித்துரையை உட்கார வைத்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அன்று மத்தியானமே அவளையும் கூட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடை மாடியிலிருந்த ரதவீதி மின்னல் தலைமை அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரு மேஜை, ஒரு பச்சைத் திரை, மூன்று மைக். மூன்றில் ஒன்றுக்குத்தான் வயர் இருந்தது.

"என்னவே இது, ஆளு மாறிப் போச்சே" என்றார் பெருமாள்சாமி.

"நம்பத்தகுந்த வட்டாரத்துல கிடைச்ச தகவல் அண்ணாச்சி."

"அந்த வட்டாரத்துக்குப் பேரு டீக்கடை பெஞ்சு" என்றாள் கோமதியம்மாள். "எங்கிட்ட ஏன்லே கேக்கல?"

"கேட்டா சுதாரிச்சிருவீங்கன்னுதான்."

"நான் என்னத்தச் சுதாரிக்க? நான் எழுதுத சீட்டு பூச்சீட்டு."

சுடலைமணி யோசித்தான். தப்பு தெரிந்துவிட்டது. தெரிந்ததும் ஒரு பத்திரிகைக்காரன் செய்ய வேண்டியதைச் செய்யாமல், ஒரு வியாபாரி செய்யக் கூசுவதைச் செய்தான். விலைப்பட்டியலை எடுத்து வைத்தான்.

"சரிக்கா. தூக்கிருதேன். ஐயாயிரம்."

பெருமாள்சாமிக்கு உயிர் வந்தது. உண்மை, நியாயம் என்று பேச்சு போனவரை அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தொகை வந்ததும் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி காலை நீட்டி உட்கார்ந்தார்.

"ஆளு மாத்திப் போட்டது நீரு. அதுக்கு ஐயாயிரமாவே? ரெண்டாயிரம் பிடியும்."

"எடிட்டிங் செலவு இருக்கு அண்ணாச்சி."

"தூக்குறதுக்கு என்ன எடிட்டிங்? ரெண்டாயிரத்து ஐந்நூறு."

"உங்களுக்காக நாலு."

பெருமாள்சாமி எழுந்து வாசல்வரை போனார், திரும்பி வந்தார். மூவாயிரத்து ஐந்நூறுக்குப் படிந்தது. உடன்பிறப்புக்கு நகை எடுத்துக் கொடுத்த பெருமையோடு கோமதியம்மாளைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ரூவாயை உள்ள வையும்" என்றாள் அவள். "ஏலே, உன்னை எவன் தூக்கச் சொன்னான்?"

"அப்புறம் என்னதான்க்கா வேணும்?"

"நீ தூக்கிட்டேன்னா சீட்டைக் கிழிச்ச கதை. 'கோமதி துட்டுக் கொடுத்து அமுக்கிட்டா'ம்பான். எனக்குக் கிழிக்க வேண்டாம். அடிச்சு எழுது. நீ சொன்ன அதே வாயால, அதே சத்தத்துல, நான் சொன்னது தப்புன்னு சொல்லு."

"மறுப்பு போடுத வழக்கம் நம்ம சேனல்ல இல்லக்கா. நம்பகத்தன்மை போயிரும்."

அவன் அந்த வார்த்தையை உச்சரித்தபோது வயரில்லாத மைக் இரண்டும் சும்மாதான் இருந்தன.

"சரி, புகார் வாங்குததுக்கு ஒரு ஆள வச்சிருக்கணுமாமே சட்டப்படி. அது யாரு?"

"அதுவும் நாந்தான்."

"அப்பம் எம் புகாரை வாங்கிக்கோ" என்று அவன் மேஜையை ஒரு அடி அடித்துவிட்டு இறங்கிப் போனாள். நேராகப் போனது வக்கீல் ஜெயசித்ராவிடம். அவள் வீடியோவைப் பார்த்தாள், முழுசாகப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள், நோட்டீஸ் அனுப்பினாள். அவதூறுக்கு இரண்டு வருஷம்வரை உள்ளே போகலாம் என்ற வரியை மட்டும் சுடலைமணி பல தடவை வாசித்தான். அவன் வாழ்க்கையில் பிழையில்லாமல் வாசித்த ஒரே வரி அது. வாசித்த கையோடு வீடியோவைத் தூக்கினான். இனாமாக. தொழிலில் அவனுக்கு ஏற்பட்ட முதல் நஷ்டம்.

தூக்கிவிட்டு ஜெயசித்ராவுக்குப் போன் போட்டான். "மேடம், எடுத்தாச்சு. முடிஞ்சுதுல்லா?"

"கடிச்ச பிறகு வாயைத் துடைச்சா முடிஞ்சிருமா? பிரதி எங்கிட்ட இருக்கு. தப்பைச் சொல்லப் போறீரா, கோர்ட்ல பாப்பமா?"

இதற்கிடையில் மார்க்கெட்டில் ஒரு காரியம் நடந்தது. இசக்கித்துரை முருகம்மாளுக்கு எட்டு கிலோவை ஏழு என்று எழுதினான். அவள் கேட்டதும் சீட்டைப் பிடுங்கி நாலாகக் கிழித்துவிட்டு, "எட்டுன்னு எவன் சொன்னான், காட்டு" என்றான். காட்ட என்ன இருக்கிறது? அப்போதுதான் அந்தப் புத்திசாலிகள் அத்தனை பேருக்கும் கோமதியம்மாள் ஞாபகம் வந்தது. ஆள் நல்லவள் என்பதால் அல்ல, பூ குறைந்ததால். வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"கோவப்படாம வா தாயி" என்றாள் முருகம்மாள்.

"கோவமெல்லாம் இல்ல. உன் போன்ல என்ன போட்டிருக்கான்னு பாத்துட்டு வாரேன்."

முருகம்மாள் போனை முந்தானைக்குள் மறைத்தாள். கோமதியம்மாள் போனாள்; வேலை வேண்டுமே. ஆனால் ஜெயசித்ரா மூலமாக ஒரு நிபந்தனை வைத்தாள்: சுடலைமணி ஏலம் நடக்கிற நேரத்தில் மார்க்கெட்டுக்கு வந்து சொல்ல வேண்டும்.

வந்தான். கோர்ட்டைவிட மார்க்கெட் பக்கம். தராசுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணீர் அஞ்சலிக் குரலில், "ஆள் அடையாளம் தவறியதற்கு வருந்துகிறோம்" என்றான்.

"வருந்துனது நானுலே. நீ என்ன செஞ்சேன்னு சொல்லு. சத்தமா."

"விசாரிக்காம... இவங்க படத்தைப் போட்டுட்டேன். ஏலச்சீட்டு நடத்துனது இவங்க இல்ல."

"அடிச்சு எழுதியிருக்கு!" என்று தராசுக்காரன் தன் பங்குக்குக் கூவினான். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. அன்று சாயங்காலம் அந்தப் பேச்சை சேனலிலும் போட்டான். சிவப்பு வட்டம் இல்லை, அம்புக்குறி இல்லை. 'ஒரு சிறு விளக்கம்' என்று தலைப்பு. அந்தத் தலைப்பைப் பார்த்து எவன் தொடுவான்?

ஒரு மாதம் கழித்து, ஓட்டல் வசூல் முடித்து மார்க்கெட் வழியாகப் போன சுடலைமணி, தராசுக்கு மேலே ஆணியில் ஒரு எடைச்சீட்டு தொங்குவதைப் பார்த்தான். வாசித்ததும் அவன் முகத்தில் சிவப்பு வட்டம் தானாகவே வந்தது.

"யக்கா, நான்தான் சொல்லிட்டேன்லா! நாலு பேரு வந்து போற இடத்துல இப்படித் தொங்கவிட்டா என் மானம் என்னத்துக்கு ஆகும்? இது அவதூறு."

"எண்ணுல தப்பு இருந்தாச் சொல்லு. அடிச்சு எழுதுதேன்."

எண் அவன் சேனலிலிருந்து எடுத்ததும், ஜெயசித்ராவின் பிரதியில் இருப்பதும்தான். தப்பு இல்லை. அக்கம்பக்கம் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அதைக் கிழிக்க எவ்வளவு கேக்கீங்க?"

பெருமாள்சாமி ஆசையாக நிமிர்ந்தார். கோமதியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள், குனிந்துகொண்டார்.

"கிழிக்குத வழக்கம் இங்கன இல்ல" என்றாள் அவனிடம். "வேணும்னா மிச்சத்தைக் கொண்டாந்து தீத்துரு."

சீட்டு இன்னும் அங்கேதான் தொங்குகிறது:

கொண்டுவந்தவர்: சுடலைமணி, ரதவீதி மின்னல்.
சரக்கு: கோமதியம்மாள் பெயர்.
திருடி என்று பார்த்தவர்கள்: 41,000.
இல்லை என்று பார்த்தவர்கள்: 612.
பாக்கி: 40,388.