அழிந்தது எந்த வரி

மதியம் ஒன்றரை மணிக்குக் கம்ப்யூட்டர் பேச்சை நிறுத்தியது. மற்றவர்களுக்குத் திரை கறுத்தால் கம்ப்யூட்டர் போச்சு. அவனுக்குக் குரல் நின்றால் போச்சு. பார்வை போன இந்த ஒன்பது வருடமாகத் திரையில் இருப்பதையெல்லாம் அந்தக் குரல்தான் அவனுக்குப் படித்துச் சொல்லி வந்தது. மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தான். ம்ஹூம். ஏதோ அப்டேட் பாதி வழியில் காலை வாரிவிட்டிருந்தது.

கோர்ட் விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது அவன் தொழில். எந்நேரமும் காதில் மாட்டிக்கொண்டே திரிவதால் அந்தக் கட்டடத்தில் அவனுக்கு ஹெட்போன் என்றே பேர். இப்போது கையில் இருந்தது ஒரு தொழிற்சாலை விபத்து வழக்கு. பதினொரு சாட்சிகள், பதினொரு கோப்புகள், ஐந்து வார உழைப்பு. மாலை ஐந்துக்குள் அனுப்பியாக வேண்டும். வேறெங்கும் நகல் வைக்கக் கூடாது, மெஷினைக் கடையில் கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். "பார்வை இல்லாதவரை நம்பிக் கொடுக்கிறோம், பாத்துக்கோங்க" என்று மேலதிகாரி முதல் நாளே சொல்லிவிட்டார். பாத்துக்கோங்களாம்! இந்த ஒரு தடவை சொதப்பினால் போதும், கண் தெரியாத எவனுக்கும் அந்த வாசல் இனித் திறக்காது.

வழி ஒன்று இருந்தது. அவனுடைய ஹார்ட் டிஸ்க் இரண்டு பெரிய பாகமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒன்றில் கம்ப்யூட்டரை இயக்கும் சிஸ்டம், இன்னொன்றில் கோப்புகள். கோப்புகள் இருக்கும் பாகத்துக்கு 'வேலை' என்று பெயர் வைத்திருந்தான். சிஸ்டம் பாகத்தை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் முடிந்தது. முன்பு இரண்டு தடவை செய்திருக்கிறான், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல. ஏனென்றால் அந்த அழிக்கிற திரையில் மட்டும் குரல் வராது. இன்று அவள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் டூட்டி. போன் லாக்கரில் கிடக்கும். எதிரில் இருப்பதைச் சொல்லும் ஆப்பைப் போட்டு, தன் போனின் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "ஜன்னல், ஒரு மனிதர்" என்றது அது, திரைக் கண்ணாடியில் விழுந்த பிம்பத்தைப் பார்த்து.

வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான்.

எதிர்வீட்டில் ஒரு தச்சர். அவரோடு எட்டு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. வீட்டிலேயே அறுவை மெஷினை ஓட்டுவார். இவன் காதில் சாட்சி சொல்பவர் அழும் நேரம் பார்த்து அது அலறும். எந்த நேரம் ஓட்டுவீர்கள் என்று சொன்னால் போதும் எனப் பணிவாக ஒரு கடிதம் எழுதிக் கதவிடுக்கில் போட்டான். பதிலே இல்லை. அந்தத் திமிர் பொறுக்காமல் வீட்டு ஓனரிடம் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து மாடிப்படியில் இருவரும் தொண்டையைக் கனைத்துக்கொள்வதோடு சரி.

"அண்ணே, ஒரு அவசரம். திரையில இருக்கிறதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லணும்."

"நானா? படிக்கவா?" பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம். "சரி, வா."

புதிய சிஸ்டம் இருந்த பென் டிரைவைச் செருகினான். மனப்பாடமாகத் தெரிந்த விசைகளை எண்ணி எண்ணி அழுத்தினான். தச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மரத்தூள் வாசனை அடித்தது.

"நாலு வரி வந்திருக்கா அண்ணே?"

"வந்திருக்கு."

"நீலமா இருக்கிற வரிதான் அழியும். அதுல 'வேலை'ன்னு எழுதியிருக்கா?"

"இல்லப்பா."

"'சிஸ்டம்'னு?"

"ஆமா. அதேதான்."

அழி என்பதற்கான விசையை அழுத்தினான். நிஜமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்கும், அதற்கும் ஒரு அழுத்து. முடிந்தது.

"'வேலை' எந்த வரில இருக்கு?"

"அது... கீழ இருக்கு."

"கடைசியா?"

"ஆமா, கடைசி."

அந்த 'ஆமா' வந்த வேகம் அவன் காதில் உறுத்தியது. பொய்யும் மெய்யும் சொல்லும் சாட்சிகளின் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. மெல்லக் கேட்டான்.

"அதுக்கு முந்தின வரில 'சமையல்'னு இருக்கா அண்ணே?"

"ஆமா, இருக்கு."

உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் அந்தத் திரையில் சமையல் என்று இருக்காது. மனுஷன் குருட்டாம்போக்கில் அடித்துவிட்டுக்கொண்டிருக்கிறார்! அந்த வாயை நம்பி ஒரு பாகத்தை அழித்தாயிற்று. போனது சிஸ்டமா, பதினொரு சாட்சிகளா?

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

நாற்காலி கிரீச்சிட்டது. காலடி கதவை நோக்கிப் போனது.

எட்டு மாதக் கோபமும் அவன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நல்ல கெட்ட வார்த்தையாகவே வந்தது. ஆனால் அந்த 'ஆமா'வை அவனுக்குத் தெரியும். பார்வை மங்கிக்கொண்டே வந்த இரண்டு வருடம் ஆபீசில் அவனும் எதை நீட்டினாலும் ஆமா, பார்த்தேன், நல்லா இருக்கு என்றே காலத்தை ஓட்டினான். எதிரில் நிற்பவர் யாரென்றே தெரியாமல் சிரித்து வைத்திருக்கிறான். அப்போதுதான் கதவிடுக்கில் போட்ட கடிதம் ஞாபகம் வந்தது. திமிராவது, மண்ணாங்கட்டியாவது! அதை அந்த மனிதர் எப்படிப் படித்திருப்பார்? ஓனரிடம் போய் நின்றதை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணே, போயிடாதீங்க. நானும் ரெண்டு வருஷம் கண்ணு தெரியற மாதிரி நடிச்சவன்தான்."

காலடி நின்றது.

"எண் தெரியுமா?"

"எண்ணா?" குரலில் ரோஷம் ஏறியது. "டேப்பை வச்சா அரை நூல் பிசகாம அறுப்பேன். எண் தெரியுமான்னு கேக்குற!"

"அது போதும். ஒவ்வொரு வரிலயும் அந்தப் பாகம் எத்தனை ஜிபின்னு ஒரு எண் இருக்கும். 'வேலை' இருநூத்திப் பதினொண்ணு. அந்த எண் நாம அழிச்ச வரில இருந்தா என் பொழப்பு போச்சு. நீலமா இருக்கிறது அந்த வரிதான். அதுல என்ன எண்?"

தச்சர் திரும்பி வந்து உட்கார்ந்தார். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார் போல, மூச்சு சத்தம் தள்ளிக் கேட்டது.

"இருநூத்தி..." என்று இழுத்தார்.

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுதுப்பா, இரு." எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்தார். அதற்குள் இவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "இருநூத்தி அறுபத்தி நாலு. புள்ளி. மூணு."

"இன்னொரு தடவை."

"ரெண்டு, ஆறு, நாலு. புள்ளி, மூணு. நான் அளவு சொன்னா அது அளவுதான்."

"இருநூத்திப் பதினொண்ணு எங்க?"

"கடைசி வரி. நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் தச்சர். சொன்ன பிறகுதான் அது தற்செயலாகப் பலித்தது என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "சும்மாதான் சொன்னேன். மன்னிச்சுக்கப்பா."

அழிந்த இடத்திலேயே புதிய சிஸ்டம் ஏறத் தொடங்கியது. இனி ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தச்சர் ஒவ்வொரு நிமிடமும் திரையில் ஓடும் எண்ணைச் சொன்னார். பன்னிரண்டு என்றார். முப்பத்தொன்று என்றார். அறுபத்தேழில் வந்து பத்து நிமிடம் நகராமல் நின்றபோது அறுபத்தேழு, அறுபத்தேழு என்று அவரும் அங்கேயே நின்றார்.

"என் வீட்டுக்காரிக்கே தெரியாது," என்றார் நடுவில். "கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆச்சு. தெரிஞ்சா என்னை மதிப்பாளா?"

"என் வாயில இருந்து வராது அண்ணே."

நாலு ஐந்துக்குக் குரல் வந்தது. பழைய குரல் இல்லை, மூக்கால் பேசுகிற ஏதோ ஒரு புதுப் பெண். அவள் எக்கேடு கெட்டாலும் சரி என்று கோப்புகள் இருக்கும் பாகத்தைத் திறந்தான். "பதினொரு உருப்படிகள்" என்றாள். அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டு, இணைத்து, நாலு நாற்பதுக்கு அனுப்பி முடித்தான்.

கதவு திறந்தே கிடந்தது. தச்சரின் மனைவி வாசலில் வந்து நின்றாள். "பாதிப் பலகை மெஷின்ல நிக்குது. இங்க என்ன பண்றீங்க?"

சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிற அவசரத்தில் அவன் முந்திக்கொண்டான். "எனக்குப் படிச்சுக் காட்ட வந்தார் அக்கா. இவர் மட்டும் வரி வரியாப் படிச்சுச் சொல்லலன்னா இன்னிக்கு என் வேலை போயிருக்கும்."

வாசலில் வளையல் சத்தம் நின்றுவிட்டது. தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது, என்னவென்று புரியவில்லை.

"பொய்," என்றார் தச்சர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் எண் மட்டுந்தான் சொன்னேன். எழுத்து எனக்குத் தெரியாது. ஒரு எழுத்துகூடத் தெரியாது."

"அதான் தெரியுமே," என்றாள் அவள். "இல்லாட்டி கரண்ட் பில்லுல இருந்து மருந்துச் சீட்டு வரைக்கும் எல்லாத்தையும் நான் எதுக்கு வாய்விட்டுப் படிக்கிறேன்?"

தச்சர் எழுந்திருக்கப் போனவர், மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.