ஹில்ஸ்பரோவில் ஒரு வினிபெக் ஹீற்றர்

ஒக்லாந்தில் பனி கொட்டியதைச் சிவனேசன் பதினான்கு வருடத்தில் ஒரு தரமும் கண்டதில்லை. அவர் இருக்கும் ஹில்ஸ்பரோவில், குளிர்காலமான யூலை மாதத்து விடியற்காலையில் வெப்பம் ஐந்து பாகைக்கு இறங்கினால் அயலவர்கள் அதை ஒரு கிழமை கதைப்பார்கள். புல்லில் கொஞ்சம் வெள்ளை பிடித்தால் படம் எடுத்து அனுப்புவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், மைனஸ் முப்பதில் எஞ்சின் உறையாமல் இருப்பதற்கென்று செய்த ஒரு சாமானைக் கனடாவிலிருந்து தருவித்துத் தன் காரில் பூட்டிய மனுசனை என்னவென்று சொல்வது? அவருடைய மனைவி யுவனேஸ்வரி சொல்லத்தான் சொன்னாள். கேட்கத்தான் ஆளில்லை.

வீட்டில் இரண்டு கார். ஒன்று சிவனேசனின் புது ஹைபிரிட். எல்லர்ஸ்லியில் ஒரு கணினி நிறுவனத்தில் அவருக்கு வேலை. ஒன்பது மணிக்குப் போனால் போதும். மற்றது பதினாறு வயதான டீசல் வேகன். அது யுவனேஸ்வரிக்கு. அவள் ஆறு மணிக்கு ஏவன்டேலில் ஒரு முதியோர் இல்லத்தில் ஊசியும் குப்பிகளுமாக நிற்க வேண்டும். அங்கே வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சனம், இவள் போய் இரத்தம் எடுத்தால்தான் காலைத் தேத்தண்ணியைக் காணும். ஒன்பது மணிக்காரருக்குப் புதுக் கார், ஆறு மணிக்காரிக்கு ஓட்டைக் கார். இதில் என்ன நியாயம் என்று கேட்டால், ஹைபிரிட் அவளுக்குப் பழக்கமில்லையாம்.

இந்த வேலை அவளுக்குச் சும்மா கிடைத்ததில்லை. ஏழு வருடம் சூப்பர்மார்க்கெட்டில் காசு வாங்கும் ரில்லில் நின்று வாழைப்பழம் நிறுத்தவள். நாற்பத்தொரு வயதில் படித்து, சோதனை எழுதி, பரிசோதனைக்கூடத்தில் எடுத்த வேலை. முதல் தொண்ணூறு நாளும் தகுதிகாண் காலம். அதற்குள் பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம்.

யூன் கடைசியில் ஒரு காலை வேகன் இழுத்தது, இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது. பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு உயிர் வந்தது. அவள் இருபத்தைந்து நிமிடம் பிந்தினாள். அன்று வேலை முடிந்து ஒனஹங்காவில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினாள். அவன் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டான்: குளோ பிளக். டீசல் பற்றிக்கொள்ள முதலில் சூடு கொடுக்கும் விரல் நீளத் துண்டுகள். நான்கும் செத்துவிட்டன, மாற்றினால் சரி.

"அரை நாள் வேலையாம். சனிக்கிழமை விடுவமோ?" என்று அவள் கேட்டாள்.

"உவங்கள் அப்பிடித்தான் சொல்லுவாங்கள். உமக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் சிவனேசன். "பொறும், நான் அண்ணாவோடை கதைக்கிறன்."

அண்ணா என்பது கனடாவில், வினிபெக்கில் முப்பது வருடமாக டீசல் லொறி ஓட்டும் இரத்தினசிங்கம். இந்த வீட்டில் அந்த மனுசனின் கால் ஒருநாளும் பட்டதில்லை, வாக்கு மட்டும் எல்லா அறையிலும் இருந்தது. குசினிக்குக் காஸ் அடுப்பு வேண்டாம், அண்ணா சொன்னவர். கட்டிலை ஜன்னல் பக்கம் போட வேண்டாம், அண்ணா சொன்னவர். யுவனேஸ்வரி முப்பத்திநான்கு வயதிலேயே இந்தப் படிப்பைத் தொடங்கக் கேட்டாள். இந்த வயதில் படித்து என்ன செய்யப்போறாய் என்று அண்ணா சொன்னவராம். அதனால்தான் ஏழு வருட வாழைப்பழம்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு வந்தார் சிவனேசன். "பிளாக் ஹீற்றர் பூட்ட வேணும். எஞ்சினுக்குள்ளை இருந்து தண்ணியைச் சூடாக்கி வைச்சிருக்கும். கனடாவிலை எல்லாக் காருக்கும் இருக்கு."

"அங்கை உறைபனி. இஞ்சை எங்கை?"

"அண்ணா சொன்னவர்."

அத்தோடு கதை முடிந்தது. ஆராய்ச்சி தொடங்கியது. எத்தனை வகை ஹீற்றர், எத்தனை வாட்ஸ், எத்தனை நிமிடத்தில் எத்தனை பாகை என்று கணினியில் பெட்டி பெட்டியாக அட்டவணை போட்டார். கலியாணத்துக்கு முதல் யுவனேஸ்வரியைக்கூட அந்த மனுசன் இவ்வளவு ஆராயவில்லை. எண்ணெய்த் தட்டில் காந்தத்தால் ஒட்டுகிற வகை சுகமானது என்று தெரிந்ததும், ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு காருக்கடியில் தவழ்ந்தார். தட்டு அலுமினியம், காந்தம் மூக்கில் விழுந்தது. ரப்பர் குழாயை வெட்டி நடுவில் பூட்டுகிற வகைக்கு மனம் வரவில்லை. கடைசியில், எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் வட்ட மூடி ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் செருகுகிற வகை என்று முடிவானது. உதிரிப்பாகக் கடைக்காரன், அந்தார்ட்டிக்காவுக்கோ போகிறீர்கள் என்று கேட்டான். சிவனேசன் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. வினிபெக்கிலிருந்து பார்சல் வரட்டும் என்று இருந்துவிட்டார்.

பார்சல் வருமுன் வேகன் இன்னொரு தரம் காலை வாரியது. அன்று அவள் ஹைபிரிட்டைக் கேட்டாள்.

"சத்தமே இல்லாமல் ஓடுற கார், இஞ்சேரும். எங்கையாவது கொண்டுபோய் இடிப்பீர்," என்றார். கொண்டுபோய் விடவாவது செய்தாரா? அதுவும் இல்லை. டோர்ச் லைட்டும் கையுமாக பொனெற்றைத் திறந்து வைத்துக்கொண்டு காரணம் கண்டுபிடித்தார். நாற்பது நிமிடம் போனது.

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு மேலாளர் பத்மாவதி, மலேசியக்காரி, நல்ல மனுசி. நல்ல மனுசி என்பதால்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "ரெண்டு தடவை ஆச்சு யுவனா. இன்னொரு தடவை லேட்டானா என்னால ஒன்னும் செய்ய முடியாது. தொண்ணூறு நாள் முடியிற வரைக்கும் பாத்துக்கங்க."

பார்சல் வந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்கக் கராஜில் திருவிழா. வட்ட மூடி புகைக்குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தது. சுத்தியலால் தட்டினார், மூடி திரும்பி உள்ளுக்குள் விழுந்தது. அதை நோண்டி எடுக்க மூன்று மணித்தியாலமும் முழங்கைத் தோலும் போயின. கூலன்ற் தண்ணி பச்சைப் பச்சையாகச் சீமெந்து எல்லாம் ஓடி, யுவனேஸ்வரியின் நடை சப்பாத்துக்குள்ளும் போனது. பிறகுதான் கனடா மின்சாரம் வேறு, இங்கத்தை மின்சாரம் வேறு என்ற ஞானம் பிறந்து, செங்கல் பாரத்தில் ஒரு மாற்றிப் பெட்டி வாங்கினார். அது இரவிரவாக ரீங்காரம் போட்டது. காரின் முன் பக்கத்தில் வயர் ஒன்று நாக்கு மாதிரித் தொங்கியது. முன் வீட்டுக் கிழவர் வந்து, பழைய டீசலை எலக்ட்ரிக் ஆக்கிவிட்டீர்களே என்று கை கொடுத்தார். அவருக்கு இருபது நிமிடம் வினிபெக்கைப் பற்றி விளக்கம் நடந்தது.

சொல்லவும் வெட்கமாக இருக்கிறது, சாமான் வேலை செய்தது. ஐந்து காலை, ஒரே கீயில் ஸ்டார்ட். சிவனேசன் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினார். சுடச்சுட இருக்கிற எஞ்சினுக்குக் குளோ பிளக் எதற்கு? அது தெரியாதவளா யுவனேஸ்வரி? மத்தியானம் வேலை முடிந்து கார்ப் பார்க்கில் திறப்பைத் திருப்பினால் வேகன் பழையபடி இழுத்துப் புகைத்தது.

"மத்தியானம் குளிர் இல்லையே, பேந்து ஏன் புகைக்குது?"

"அது வேறை விசயம். நீர் சும்மா இரும்."

அடுத்த வியாழக்கிழமை அவளுக்கு எண்பத்தோராம் நாள். ஐந்தரைக்குக் கராஜுக்குள் போனாள். ரீங்காரம் இல்லை. மாற்றிப் பெட்டி எந்நேரமோ கராஜ் மின்சாரத்தையே விழுத்திவிட்டிருந்தது. எஞ்சின் கல்லாகக் குளிர்ந்து கிடந்தது. திறப்பைத் திருப்பினாள். இழுத்தது. புகைத்தது. மற்றத் தரம் இழுக்கவும் பற்றரிக்குச் சீவன் இல்லை. ஒன்பது நாள், இன்னும் ஒன்பதே ஒன்பது நாள் என்று அவளுக்கு அழுகை வந்தது.

சிவனேசன் உடுத்திருந்த சாரத்தோடு டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "பொறும், வோல்டேஜ் பாக்கிறன்," என்று பொனெற்றைத் திறந்தார்.

அவள் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்தபடியே வினிபெக்குக்குப் போன் அடித்தாள். பதினான்கு வருடத்தில் அவளாக எடுத்த முதல் அழைப்பு. அங்கே முதல் நாள் மத்தியானம். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தான், நான் யுவனா. நீங்கள் பூட்டச் சொன்ன ஹீற்றராலை எனக்கு இண்டைக்கு வேலை போகப்போகுது."

"நான் எங்கை பிள்ளை பூட்டச் சொன்னனான்?" என்றார் இரத்தினசிங்கம். பாவம், வாயில் சாப்பாடு இருந்தது. "வெள்ளைப் புகை எண்டான். குளோ பிளக்கை மாத்தடா எண்டு ரெண்டு தரம் சொன்னன். யுவனாவும் இதைத்தான் சொல்லுறாள் எண்டு சிரிச்சான். பேந்து ஹீற்றர் ஒண்டு அனுப்பச் சொன்னான். ஒக்லாந்திலை என்னத்துக்கடா எண்டு கேட்டுத்தான் அனுப்பினன்."

பொனெற்றுக்குப் பின்னால் டோர்ச் லைட் அணைந்தது.

காஸ் அடுப்பு, கட்டில், அண்ணா சொன்னவர், அண்ணா சொன்னவர். எல்லாம் யுவனேஸ்வரிக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றன. அவள் ஒன்றை மட்டும் கேட்டாள்.

"அத்தான், ஏழு வருசத்துக்கு முதல், நான் படிக்க வேண்டாம் எண்டு சொன்னது நீங்களோ?"

"படிக்கவோ? நீர் படிச்சதே எனக்குத் தெரியாது பிள்ளை."

அவள் போனை வைத்தாள். ஊசிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். உள்ளே போய், ஆணியில் தொங்கிய ஹைபிரிட் திறப்பை எடுத்தாள்.

"இஞ்சேரும், அது உமக்கு..." என்று தொடங்கினார் சிவனேசன். அதற்குள் அவள் ஏறி ஹைபிரிட் கதவைச் சாத்திவிட்டாள்.

ஐந்து ஐம்பத்தாறுக்கு ஏவன்டேலில் நின்றாள். எங்கும் இடிக்கவில்லை. முதல் கிழவிக்கு ஒரே குத்தில் இரத்தம் எடுத்தாள்.

அன்று எல்லர்ஸ்லிக்காரர் வேகனில் பதினொரு மணிக்குத்தான் அலுவலகம் போனார். அதுவும் முன் வீட்டுக் கிழவர் தன் காரிலிருந்து பற்றரிக்கு வயர் கொடுத்துத் தள்ளிவிட்டபடியால். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகக் கார்ப் பார்க்கில் வேகன் புகைத்த புகைக்கு, கூட வேலை செய்பவர்கள் இருமினார்களாம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நான்கு குளோ பிளக்கும் மாறிவிட்டன. ஒனஹங்காவில், அதே மெக்கானிக்கிடம், அரை நாளில். அவள் ஓட்டியபோது ஐந்து கிழமை ஆராய்ச்சி தேவைப்பட்ட நோய், அவர் ஓட்டியதும் இரண்டு நாளில் சுகமானது.

அன்று பின்னேரம் வேகன் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இப்ப ஒரே கீயிலை ஸ்டார்ட். ஹீற்றரே தேவையில்லை. உம்மடை காரை நீர் எடும், என்ரையைத் தாரும்."

யுவனேஸ்வரி சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். ஹைபிரிட் திறப்பு அதன் பைக்குள் இருந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"உங்கடை அண்ணாவிட்டைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்," என்றாள்.

திங்கட்கிழமை ஐந்து நாற்பதுக்கு ஹைபிரிட் சத்தமே இல்லாமல் வெளியே போனது.